டேப் ஒடிகிறதா, மரை கிழிகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

டேப் என்பது துளைக்குள் சுழன்று மரை, அதாவது போல்ட் ஏறும் திருகுப் புரி, வெட்டும் கருவி. டேப் போடும் வேலை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ஃபேசிங் முடிந்து, போரிங் முடிந்து, துளைகளும் போட்ட பிறகுதான் ஜாப், அதாவது செய்யும் பாகம், டேப்புக்கு வருகிறது. அந்த நேரத்தில் ஒரு எம்8 டேப் உள்ளேயே ஒடிந்து நின்றால், டேப்பின் விலையைவிட அதுவரை அந்த ஜாப்பில் போட்ட உழைப்புதான் பெரிய நட்டம். கோவையில் பம்ப் பாகம் கடையும் பட்டறையானாலும் சரி, ஓசூரில் வி.எம்.சி. (கம்ப்யூட்டர் வழி ஓடும் மில்லிங் மெஷின்) ஓட்டும் யூனிட்டானாலும் சரி, டேப் ஒடிந்தவுடன் "டேப் சரியில்லை, கம்பெனியை மாற்று" என்ற பேச்சுதான் முதலில் எழும். நான் பார்த்த வரை டேப்பின்மேல் தவறு இருப்பது குறைவு. துளையின் அளவு, ஆழம், நேர், உள்ளே சேர்ந்த சிப் (வெட்டும்போது விழும் உலோகச் சீவல்) இந்த நான்கில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். புது டேப் வாங்க ஆள் அனுப்பும் முன் இதைக் கண்டுபிடிக்காவிட்டால் புது டேப்பும் அதே இடத்தில் ஒடியும்.

கையில் இருப்பது எந்த டேப்?

முதலில் டேப்பின் தண்டில் பொறித்திருப்பதைப் படியுங்கள். எம்8 × 1.25 என்றால் வெளிவிட்டம் 8 மி.மீ., பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு மரைக்கு இடையிலான தூரம்) 1.25 மி.மீ. பக்கத்தில் ஐ.எஸ்.ஓ. 2 அல்லது 6எச் என்று இருந்தால் சாதாரண போல்ட் பொருத்தத்துக்கான டேப். ஐ.எஸ்.ஓ. 3 அல்லது 6ஜி என்றால் சற்றுப் பெரிதாக வெட்டும். பிளேட்டிங்குக்கு (ஜிங்க் போன்ற பூச்சு) போகும் ஜாப்புக்கு அது.

அப்புறம் வடிவம். கையால் போடும் செட்டில் மூன்று டேப் இருக்கும். முதல் டேப்பின் முனை நீளமாகச் சரிந்திருக்கும், ஏழெட்டு மரைக்குமேல் சரிவு. இரண்டாவதில் மூன்று முதல் ஐந்து மரை. கடைசி டேப்பில் ஒன்றிரண்டு மரை மட்டுமே சரிவு, அதனால் துளையின் அடி வரை முழு மரை வெட்டும்.

மெஷினில் போடும் டேப்புகளில் கன் டேப்பின் பள்ளம் நேராக இருக்கும், முனையில் மட்டும் சாய்வாகத் தீட்டியிருப்பார்கள். அது சிப்பை முன்னால் தள்ளும்; எனவே த்ரூ ஹோலுக்கு, அதாவது மறுபக்கம் வரை போகும் துளைக்கு மட்டும். ஸ்பைரல் ஃப்ளூட் டேப்பின் பள்ளம் டிரில் பிட் போல முறுக்கியிருக்கும், சிப்பை மேலே இழுத்து வெளியே விடும். அடி மூடிய பிளைண்ட் ஹோலுக்கு ஏற்றது. ஃபார்ம் டேப்பில் வெட்டும் பள்ளமே கிடையாது, எண்ணெய் போக மெல்லிய கோடுகள் மட்டும் இருக்கலாம். அது வெட்டாது, உலோகத்தை அழுத்தி மரையாக உருட்டும். அலுமினியம், பித்தளை, மென்மையான எஃகு இவற்றுக்குச் சரி. வார்ப்பிரும்புக்கு ஆகவே ஆகாது, நொறுங்கிவிடும்.

அறிகுறி: டேப் ஒடிகிறது

எந்த இடத்தில் ஒடிந்தது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே இருக்கிறது.

நுழைந்த உடனே, ஒன்றிரண்டு மரைக்குள் ஒடிந்தால் டேப்பும் துளையும் ஒரே நேரில் இல்லை. கையால் போடும்போது இரண்டு மூன்று மரை பிடித்தவுடன் டேப் ரெஞ்சைக் கழற்றிவிட்டு, மூலைமட்டத்தை டேப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பார்த்தால் போதாது, கால் வட்டம் தள்ளி இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். சாய்வு தெரிந்தால் டேப்பை வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். உள்ளே போய்க்கொண்டிருக்கும் டேப்பை வளைத்து நேராக்கப் பார்ப்பதுதான் ஒடிவதற்கு நேர்வழி. டிரில்லிங் மெஷின் இருக்கும் இடத்தில் இதற்கு எளிய வழி உண்டு: துளை போட்ட அதே கிளாம்ப்பில் ஜாப்பை விட்டுவைத்து, சக்கில் ஒரு சென்டர் பிடித்து, டேப்பின் தலையில் இருக்கும் குழியில் அதை மெதுவாக அழுத்திக்கொண்டே கையால் திருப்புங்கள். மெஷினை ஓட்ட வேண்டாம். நேர் தானாக வந்துவிடும். துளையின் வாயில் டேப் விட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சேம்ஃபர் (சாய்வான ஓரம்) எடுப்பதையும் தவிர்க்காதீர்கள். முதல் மரை பிடிக்க அது உதவும், மேலே பர் (கூரான பிசிறு) எழும்பாமலும் காக்கும்.

வி.எம்.சி.யில் இப்படி ஒடிந்தால் டேப் மையம் விட்டு ஆடிச் சுற்றுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். டிரில் போட்ட பிறகு ஜாப்பைக் கழற்றி மறுபடி கட்டினீர்களா, இடையில் ஆஃப்செட்டை (மெஷினில் பதிந்த நிலை அளவை) தொட்டீர்களா என்றும் பாருங்கள்.

பாதி வழியில் ஒடிந்தால் துளை சிறியது என்பதே முதல் சந்தேகம். வெளிவிட்டத்தில் பிட்சைக் கழித்தால் ஏறக்குறைய டிரில் அளவு: எம்5க்கு 4.2, எம்6க்கு 5.0, எம்8க்கு 6.8, எம்10க்கு 8.5, எம்12க்கு 10.2. இந்தக் கணக்குப்படி போட்டால் முழு மரையில் சுமார் 77 சதவீத உயரம் கிடைக்கும். பலரும் இந்த எண்ணை மாற்றக் கூடாத சட்டமாக வைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. எம்8 6எச் மரைக்கு உள்விட்டம் 6.647 முதல் 6.912 மி.மீ. வரை இருக்கலாம். அதாவது 6.9 டிரில் போட்டு, துளையும் அந்த அளவிலேயே வந்தால், அதுவும் அளவுக்குள்தான். எம்10க்கு எல்லை 8.376 முதல் 8.676, 8.6 போடலாம். எம்6க்கு 5.153 வரை இடம் இருக்கிறது, 5.1 போடலாம். அந்த 0.1 மி.மீ. டேப்பின் சுமையை நன்றாகவே குறைக்கும். மரையின் பலத்தில் இழப்பது மிகக் கொஞ்சம். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போன்ற கடினமான உலோகத்திலும் ஆழமான துளையிலும் நான் எப்போதும் மேல் எல்லைக்குப் பக்கத்தில் போடத்தான் சொல்வேன்.

அளக்கும்போது டிரில் பிட்டை அளக்காதீர்கள், துளையை அளங்கள். 6.8 என்று எடுத்த பிட் தேய்ந்து 6.7 ஆகியிருக்கலாம், யாராவது தவறான டப்பாவில் போட்டிருக்கலாம். ஒரு 6.8 பின் கேஜோ, அதே அளவில் புது டிரில் தண்டோ உள்ளே இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். பட்டறையில் ஃபார்ம் டேப்பும் சாதாரண டேப்பும் கலந்து கிடந்தால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. எம்8 ஃபார்ம் டேப்புக்குத் துளை 7.4 வேண்டும். அதை 6.8 துளைக்குள் விட்டால் ஒடியாமல் என்ன செய்யும்?

பிளைண்ட் ஹோலின் அடியில் ஒடிந்தால் ஆழக் கணக்கைப் பாருங்கள். வரைபடத்தில் எம்8, 20 மி.மீ. ஆழ மரை என்று இருக்கிறது. டேப்பில் நான்கு மரைச் சரிவு என்றால் அதற்கு மட்டும் 5 மி.மீ. போகும். சிப் தங்க மூன்று நான்கு மி.மீ. விடுங்கள். ஆக நேர்ச்சுவராக 28, 29 மி.மீ. ஆழம் வேண்டும், டிரில் முனையின் கூம்பு இதில் சேராது. அவ்வளவு இடம் இல்லாவிட்டால் சரிவு குறைந்த டேப்புக்கு மாறுங்கள், அல்லது மரை ஆழத்தைக் குறைக்க முடியுமா என்று டிசைன் செய்தவரிடம் கேளுங்கள். ஆழம் சரியாக இருந்தும் அடியில் ஒடிகிறதென்றால் டேப்பை எடுத்துப் பாருங்கள், அது கன் டேப்பாக இருக்கும். முன்னால் தள்ளிய சிப்புக்குப் போக வழி இல்லாமல் அடியில் கட்டியாகி, டேப்பை மேலே தூக்க முயலும்.

திரும்பி வரும்போது ஒடிந்தால், வெட்டிய சிப்பின் வேர் இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரிவர்ஸ் ஆகும்போது டேப்பின் பின்பக்கம் அந்த வேர்மேல் ஏறிச் சிக்குகிறது. கைச் செட்டில் அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால் என்று போவது சிப்பை ஒடிக்கத்தான். பின்னால் திருப்பும்போது "டக்" என்று ஒரு சிறு பிடி விடுவது கையில் தெரியும், அதுவரை திருப்புங்கள். கன் டேப்பில் இதைச் செய்யாதீர்கள். அது ஒரே மூச்சில் வெட்டிச் சிப்பை முன்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும்; நடுவில் நிறுத்தித் திருப்பினால் சிப் பள்ளத்துக்குள் திரும்பி வந்து சிக்கும்.

அறிகுறி: கிறீச்சிடுகிறது, இறுகுகிறது, டேப் சூடாகிறது

சத்தம் வந்தால் டேப் வெட்டவில்லை, உரசுகிறது என்று அர்த்தம். முதலில் எண்ணெய், அடுத்து வேகம், மூன்றாவதாகத்தான் டேப்பின் கூர்.

எஃகுக்குக் கந்தகம் சேர்ந்த கட்டிங் ஆயில் நல்லது. நீரில் கலக்கும் கூலன்ட் எம்.எஸ்.ஸுக்கு (சாதாரண மென் எஃகு) போதும், எஸ்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் போதாது. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நன்றாக வேலை செய்யும். வார்ப்பிரும்பை உலர்வாகவே போடலாம். அதில் கெட்டியான எண்ணெய் விட்டால் பொடி எண்ணெயோடு சேர்ந்து லேப்பிங் பேஸ்ட் (தேய்க்கும் பசை) ஆகி டேப்பைத் தேய்த்துவிடும்.

வேகத்துக்கு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டேப்பில் எம்.எஸ்.ஸுக்கு நிமிடத்துக்கு 8 முதல் 12 மீட்டர், எஸ்.எஸ்.ஸுக்கு 3 முதல் 6, அலுமினியத்துக்கு 15 முதல் 25 என்று தொடங்கலாம். எம்8, 10 மீட்டர் என்றால் ஏறக்குறைய 400 ஆர்.பி.எம். எஸ்.எஸ்.ஸில் எம்10 போட்டால் 4 மீட்டருக்கு சுமார் 130 தான் வரும். இது மெதுவாகத் தெரியும், ஆனால் 304 ரக எஸ்.எஸ்.ஸை அவசரப்படுத்த முடியாது.

304 பற்றி இன்னும் ஒன்று. அந்த உலோகம் உரச உரச இறுகும். மழுங்கிய டிரில்லால் அழுத்தி அழுத்தித் துளை போட்டால் சுவரில் ஒரு கடினமான தோல் உருவாகிவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல டேப் போட்டாலும் சத்தம்தான். டேப் அங்கே பலியாகிறது, குற்றம் டிரில்லுடையது. புதிதாகத் தீட்டிய டிரில்லில், நிற்காத நல்ல ஃபீடில், துளையை ஒழுங்காகப் போட்டுப் பாருங்கள். டேப்பை மாற்றாமலே சத்தம் நின்றுவிடுவது உண்டு.

அறிகுறி: மரை கிழிந்திருக்கிறது, முகம் சொரசொரப்பு

டார்ச் அடித்து மரையின் பக்கவாட்டைப் பாருங்கள். அலுமினியத்தில் பிய்த்தெடுத்த மாதிரி இருந்தால் டேப்பின் விளிம்பைப் பாருங்கள், அங்கே அலுமினியம் ஒட்டிப் போயிருக்கும். ஒட்டிய உலோகமே வெட்டத் தொடங்கினால் மரை கிழியும், அளவும் பெரிதாகும். எண்ணெயை மாற்றுங்கள். கோட்டிங் இல்லாத, பள்ளம் பளபளப்பாகத் தீட்டிய டேப்பை எடுங்கள். அலுமினியம் கலந்த கருநிறக் கோட்டிங் உள்ள டேப்பை இங்கே தவிர்ப்பது நல்லது, ஒட்டுவது அதிகமாகும்.

மென்மையான எம்.எஸ்.ஸில் கிழிந்தால் டேப் மழுங்கியிருக்கலாம். சரிவான முனையில் இருக்கும் வெட்டு விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கூரான விளிம்பில் வெளிச்சம் தெரியாது. விளிம்பு நெடுக ஒரு வெள்ளைக் கோடு மின்னினால் அது தேய்ந்த டேப். மரைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை, வெட்டும் வேலை முழுவதும் அந்தச் சரிவில்தான் நடக்கிறது.

ஃபார்ம் டேப் போட்ட மரையின் உச்சியில் சின்னப் பிளவு தெரிவது இயல்பு. இரண்டு பக்கத்திலிருந்தும் உருண்டு வந்த உலோகம் அங்கே சந்திக்கிறது. இன்ஸ்பெக்ஷனில் இதற்காக ஜாப்பைத் தள்ளுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

அறிகுறி: கோ கேஜ் ஏறவில்லை, போல்ட் இறுக்கம்

கோ கேஜ் சரியான மரையில் ஏற வேண்டிய அளவுகோல். கைச் செட்டில் போட்ட மரை என்றால் முதல் கேள்வி: மூன்று டேப்பும் போட்டீர்களா? பல செட்டுகளில் முதல் இரண்டு டேப்பும் முழு அளவு கிடையாது. வேலையைப் பங்கு போட்டு, கடைசி டேப்தான் முழு விட்டம் வெட்டும். தண்டில் ஒரு வளையம் இருந்தால் முதலாவது, இரண்டு வளையம் என்றால் இரண்டாவது, வளையமே இல்லாதது கடைசி. துளை த்ரூ ஹோல்தானே என்று முதல் டேப்போடு நிறுத்தினால் போல்ட் ஏறாது.

மெஷினில் காலையில் ஏறிய கேஜ் மாலையில் ஏறவில்லை என்றால் டேப் தேய்ந்துவிட்டது. இங்கே டேப்மேல் பழி போடலாம்.

உங்கள் பட்டறையில் கோ ஏறியது, வாடிக்கையாளர் இடத்தில் ஏறவில்லை என்றால் நடுவில் பிளேட்டிங் நடந்திருக்கும். 60 டிகிரி மரையில் பிளேட்டிங் தடிமனைப்போல நான்கு மடங்கு பிட்ச் விட்டத்தில் (மரையின் நடு உயரத்தில் அளக்கும் விட்டம்) குறையும். 8 மைக்ரான் ஜிங்க் ஏறினால் 32 மைக்ரான் போய்விடும். இதற்குத்தான் 6ஜி டேப். பிளேட்டிங் செய்த மரையில் மறுபடி டேப் ஓட்டுவது பூச்சைச் சுரண்டிவிடும், அங்கேதான் துரு முதலில் பிடிக்கும்.

அறிகுறி: நோ-கோ உள்ளே போகிறது, போல்ட் ஆடுகிறது

நோ-கோ என்பது மரை பெரிதாகிவிட்டதா என்று பார்க்கும் கேஜ், அது இரண்டு சுற்றுக்குமேல் ஏறக் கூடாது. ஏறினால், வாயில் மட்டும் பெரிதா, முழு ஆழமும் பெரிதா என்று பிரித்துப் பாருங்கள்.

வாயில் மட்டும் பெரிதாக இருந்தால் கையால் தொடங்கும்போது டேப் ஆடியிருக்கிறது, அல்லது மெஷினில் துளையும் டேப்பும் சற்று விலகியிருக்கின்றன.

முழு ஆழமும் பெரிதென்றால் ஃபீடைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு டேப் நகர வேண்டிய தூரம் சரியாக ஒரு பிட்ச், கூடவும் கூடாது குறையவும் கூடாது. வி.எம்.சி.யின் டேப்பிங் கட்டளையான ஜி84 சைக்கிளில் எஸ்400 (சுற்று வேகம்), பிட்ச் 1.25 என்றால் எஃப்500 (நிமிடத்துக்கு நகரும் மி.மீ.). ஆபரேட்டர் வேகத்தை 350 ஆக்கிவிட்டு எஃப்ஐ அப்படியே விட்டால், டேப் மரையை ஒரு பக்கமாகச் சீவிக்கொண்டே இறங்கும். ஒரு சுற்றுக்கான ஃபீடைக் கொள்ளும் ஜி95இல் ஓட்டினால் எஃப்1.25 என்று பிட்சையே போட்டுவிடலாம், வேகம் மாறினாலும் பிசகாது. மெஷினில் ரிஜிட் டேப்பிங் (சுற்றும் ஃபீடும் இணைந்து ஓடுவது) இருந்தால் ஃபானக் கன்ட்ரோலில் ஜி84க்கு முன் எம்29 வந்திருக்கிறதா பாருங்கள். இல்லாத மெஷினில் மிதக்கும் டேப் ஹோல்டர் கட்டாயம், ஃபீடையும் ஓரிரு சதவீதம் குறைத்து வையுங்கள், ஹோல்டர் நீண்டு ஈடு கொடுக்கும். சாதாரண டிரில்லிங் மெஷினில் கைப்பிடியை அழுத்தி டேப்பை உள்ளே தள்ளுவதும் இதே கோளாறைத்தான் தரும். மரை பிடித்த பிறகு டேப் தானாக இறங்கும், கை அதன்கூடப் போனால் போதும்.

அறிகுறி: போல்ட் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடுகிறது

மரை அழகாக இருக்கிறது, கேஜ் இல்லை, போல்ட் இரண்டு சுற்று போய்ச் சிக்குகிறது. டேப்பை விடுங்கள், பிட்ச் கேஜை எடுங்கள். எம்10இல் 1.5ம் உண்டு, 1.25ம் உண்டு. எம்12இல் 1.75, 1.5, 1.25 மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய மெஷின்களில் அங்குல மரை வரும்போது இன்னும் குழப்பம். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரை 55 டிகிரி, பி.எஸ்.டபிள்யூ. என்று இன்றும் கடையில் கேட்டு வாங்குவது அதுதான். அமெரிக்க யு.என்.சி.யும் மெட்ரிக்கும் 60 டிகிரி. அரை அங்குலத்தில் பி.எஸ்.டபிள்யூ. அங்குலத்துக்கு 12 மரை, யு.என்.சி. 13, ஆகவே சிக்கும். கால் அங்குலத்தில் இரண்டும் 20, அதனால் ஏறிவிடும், ஆனால் கோணம் வேறு என்பதால் பக்கவாட்டு முழுமையாக உட்காராது.

பைப் மரையில் இது கசிவாக வெளிப்படும். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் பிரிட்டிஷ் பி.எஸ்.பி.யும் அமெரிக்க என்.பி.டி.யும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஒன்றில் ஒன்று ஏறி இறுகும், டெஃப்லான் நாடா சுற்றினாலும் ஒழுகும். பம்ப் வேலையில் இறக்குமதி ஃபிட்டிங் வந்தால் இதை முதலில் சந்தேகப்படுங்கள்.

அறிகுறி: டேப் சீக்கிரம் தேய்கிறது

வார்ப்பிரும்பில் என்றால் காஸ்டிங்கின் தோலையும் மணலையும் பாருங்கள். துளைக்குள் ஒட்டிய மணல் ஒரே ஜாப்பில் டேப்பின் விளிம்பைத் தின்றுவிடும். டேப்புக்கு முன் துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது இந்த வேலையிலேயே மலிவான வைத்தியம். மெல்லிய ஓரங்களில் வார்ப்பு சீக்கிரம் குளிர்ந்து கண்ணாடி போல் இறுகியிருந்தால் டிரில்லே அங்கே திணறியிருக்கும். அந்தக் காஸ்டிங்கை ஃபவுண்டரிக்குத் திருப்புங்கள்.

ஒடிந்துவிட்டது, இனி எப்படி எடுப்பது?

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எச்.எஸ்.எஸ். கடினமானது, அடித்தால் தெறிக்கும், கண்ணுக்குத்தான் வரும்.

துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, சிப்பைக் காற்றடித்து வெளியேற்றி எடுங்கள். மட்டத்துக்குக் கீழே என்றால் டேப் எக்ஸ்ட்ராக்டர். அதன் விரல்களை டேப்பின் பள்ளங்களில் இறக்கித் திருப்ப வேண்டும். சிப் அடைத்திருந்தால் விரல்தான் வளையும், எனவே முதலில் பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். சாதாரண டிரில் பிட்டால் டேப்பைத் துளைக்கப் பார்க்காதீர்கள். பிட் வழுக்கிப் பக்கத்துச் சுவரைத் தின்னும், பிறகு ஜாப்பும் போகும். விலை உயர்ந்த ஜாப் என்றால் ஸ்பார்க் இரோஷன் (மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் மெஷின்) வைத்திருப்பவரிடம் நேராகக் கொண்டு போங்கள். டேப்பின் நடுவை எரித்து எடுத்துவிட்டால் மிச்சம் துண்டு துண்டாகக் கழன்று வரும், மரைக்கும் சேதம் இருக்காது.

அலுமினிய ஜாப்பில் எச்.எஸ்.எஸ். டேப் ஒடிந்தால் பொறுமை உள்ளவர்களுக்கு ஒரு வழி உண்டு: படிகாரம். வெந்நீரில் கரையும் மட்டும் படிகாரத்தைக் கரைத்து, ஜாப்பை அதில் மூழ்க வைத்துச் சூடாகவே வைத்திருங்கள். எஃகு மெல்ல அரித்துக் கரையும், அலுமினியம் பெரிதாகப் பாதிக்காது. ஒரு நாளுக்குமேல்கூட ஆகலாம். ஜாப்பில் வேறு எஃகு பாகம் எதுவும் இருக்கக் கூடாது, அதுவும் கரையும். நீர் வற்றாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்த பிறகு மரை பாழாகியிருந்தால் ஹெலிகாயில் (மரையாக இறக்கும் கம்பிச் சுருள்) போடலாம். எம்8க்கு 8.3 அல்லது 8.4 டிரில், அதற்கென்றே வரும் பெரிய டேப், பிறகு கம்பிச் சுருளை இறக்கி, அடியில் இருக்கும் வாலை ஒடித்து எடுத்துவிட வேண்டும். அந்த வால் உள்ளே விழுந்து கிடந்தால் போல்ட் அடி வரை போகாது. அலுமினியத்தில் இப்படிப் போட்ட மரை முதலில் இருந்ததைவிட உறுதியாகவே இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் ஒப்புதல் இல்லாமல் போடாதீர்கள், போட்ட இடத்தை ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுங்கள்.